ஆவணியில் குடிபுகுந்த வீடு: புதுப் பூச்சில் பெயின்ட் பொங்கி உரிந்த ஒரு நிகழ்வு

பின்னணி

இலங்கை மலைநாட்டில், நுவரெலியாவுக்கு அருகே நானுஓயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1600 மீற்றர் உயரத்தில் அந்த வீடு இருக்கிறது. வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, லயத்திலேயே ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். ஏழு பேர்ச் காணி கிடைத்த பிறகு, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசை வைத்து மூன்று வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார். கருங்கல் அத்திவாரம், ஆறு அங்குல சீமெந்துக் கல் சுவர், தகரக் கூரை. முன்னறை, இரண்டு படுக்கையறை, பின்னால் விறகடுப்போடு குசினி. சரிவை வெட்டி எடுத்த இடம் என்பதால், குசினிச் சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி.

சுவர்கள் எழும்பி ஒரு வருடத்துக்கு மேல் பூசாமல் கிடந்தன. காசு சேர்ந்தபோது தென்மேல் பருவமழை பிடித்திருந்தது. ஆடியில் யாரும் குடிபுக மாட்டார்கள். ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு நாள் குறித்து, மகனுக்கு டிக்கட்டும் போட்டாயிற்று. ஆகவே பூச்சு வேலை ஜூலை கடைசியில், மழைக்குள்ளேயே நடந்தது. சீமெந்து ஒன்றுக்கு மணல் ஐந்து என்று கலந்து, உள்சுவருக்கு அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பூசியிருக்கிறார்கள். மேசன் பாஸ் கைதேர்ந்தவர். கரண்டியால் தேய்த்துக் கண்ணாடி மாதிரி மழமழப்பாக்கிவிட்டார். பார்க்க அழகு. அந்த மழமழப்பே பின்னால் ஒரு தொல்லையாக வந்தது.

பூச்சு முடிந்து பதினாறாம் நாள் பெயின்ட் வேலை தொடங்கியது. நானும் பெயின்ட் வேலை செய்பவன்தான்; ஆனால் இதைச் செய்தது நானல்ல, வேறொரு குழு. முன்னறையில் கீழே மூன்றடிக்கு எனாமல் (எண்ணெய் பெயின்ட்), மேலே கழுவித் துடைக்கக்கூடிய மினுக்க இமல்ஷன் (தண்ணீர் கலக்கும் பெயின்ட்). படுக்கையறைகளில் வோல் பில்லர் (சுவரை மட்டமாக்கும் வெள்ளை மா) இழுத்து அதன்மேல் இமல்ஷன். குசினியிலும் அதே மினுக்க பெயின்ட். ஓகஸ்ட் கடைசி வாரத்தில் பால் காய்ச்சினார்கள். வந்தவர்கள் எல்லோரும் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்களாம்.

கொப்பளம் கண்ட நாட்கள்

செப்டெம்பர் முதல் வாரத்தில் முன்னறையின் எனாமல் பட்டையில் மிளகு அளவு புள்ளிகள் எழும்பின. நான்கைந்து நாளில் அவை நெல்லிக்காய் அளவாகி, பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து உள்ளங்கை அளவுக்கு வந்தன. படுக்கையறையில் கொப்பளம் இல்லை. கட்டிலின் தலைமாட்டில் பெயின்ட் காகிதம் போலச் சுருண்டு விழுந்தது. குசினியில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் வரை பெயின்ட் பொங்கியிருந்தது, அதன் ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

வீட்டுக்காரர் முதலில் பெயின்ட் வாங்கிய கடைக்குப் போனார். கடைக்காரர் மேசனைக் கையைக் காட்டினார். மேசன் பெயின்ட் அடித்தவர்களைக் காட்டினார். அவர்கள் பெயின்டைக் காட்டினார்கள். இந்த வட்டத்தில் இரண்டு வாரம் போயிற்று. அதற்குப் பிறகுதான் ஒரு உறவினர் மூலம் என்னைக் கூப்பிட்டார்கள். நான் இந்தப் பகுதியில் நீண்ட காலமாக பெயின்ட் வேலை எடுத்துச் செய்பவன்.

“பெயின்ட் டூப்ளிகேட்டா இருக்குமோ தம்பி?” என்பதுதான் வீட்டுக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. டின்களைப் பார்த்தேன். சந்தேகப்பட ஒன்றுமில்லை.

முதல் வருகை: உரிந்த துண்டின் முதுகு

பெயின்ட் உரிந்த இடத்தில் எல்லோரும் சுவரைப் பார்ப்பார்கள். நான் முதலில் உரிந்து விழுந்த துண்டைத் திருப்பி அதன் முதுகைப் பார்ப்பேன். எது எதை விட்டுப் பிரிந்தது என்பது அங்கேதான் தெரியும். மூன்று அறையிலும் மூன்று துண்டு எடுத்து, குடிபுகுதலுக்கு வந்த பழைய அழைப்பிதழ் ஒன்றின்மேல் வரிசையாக வைத்தேன்.

முன்னறைத் துண்டின் முதுகு சுத்தமாக, ஈரமாக இருந்தது. கொப்பளத்தை ஊசியால் குத்தியபோது ஒரு சொட்டுத் தண்ணீர் வழிந்தது. எனாமல் விரலில் பிசுபிசுத்தது. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் வழுக்கியது. அங்கே ஒரு சின்ன இரசாயனம் நடந்திருக்கிறது. புதுச் சீமெந்துப் பூச்சு கடுமையான காரம். காரத்தின் அளவைக் காட்டும் பீஎச் எண் அதில் 12க்கும் 13க்கும் இடையில் இருக்கும். எனாமலின் பிணைப்புப் பொருள் எண்ணெய் வழி வந்தது. எண்ணெயும் காரமும் ஈரத்தில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழில் ஒரே சொல் போதும்: சவர்க்காரம். சுவரில் பூசிய எனாமலின் அடிப்பக்கம் சவர்க்காரமாகிக் கொண்டிருந்தது.

படுக்கையறைத் துண்டின் முதுகில் வெள்ளை மா தடிப்பாக ஒட்டியிருந்தது. பெயின்ட் பில்லரை விடவில்லை. பில்லர்தான் சுவரை விட்டிருந்தது. கண்ணாடிபோல் தேய்த்த பூச்சின்மேல் தூசைக்கூடத் தட்டாமல் பில்லரை இழுத்திருக்கிறார்கள். பிடிக்க ஒரு சொரசொரப்பும் இல்லை. போதாததற்கு அது வறண்ட உள்சுவருக்கான பில்லர்; ஈரம் பட்டால் இளகும் வகை.

குசினித் துண்டின் முதுகில் மணலும், பஞ்சு மாதிரி நுண்ணிய உப்பு ஊசிகளும். அங்கே பூச்சின் மேல்தோலே உதிர்ந்திருந்தது. இதை நான் பார்த்தேன், குறிப்பிலும் எழுதினேன். ஆனால் அதற்கு உரிய கவனத்தைக் கொடுக்கவில்லை. ஒரே நாளில் பூசிய வீடு, ஒரே மழை, ஆகவே ஒரே காரணம் என்று மனம் முடிவு கட்டிவிட்டது.

மஞ்சளும் பொலித்தீனும்

சுவர் எவ்வளவு ஈரம், எவ்வளவு காரம் என்று பார்க்க மீற்றர்கள் உண்டு. என்னிடம் ஈரம் பார்க்கும் மீற்றர் அன்று இல்லை. குசினியிலிருந்து ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் கேட்டேன். தண்ணீரில் குழைத்து, அலுமாரிக்குப் பின்னால் பெயின்ட் படாத பூச்சில் ஒரு பொட்டு வைத்தேன். வைத்த மஞ்சள் கண்முன்னே சிவந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் ஆலாத்தித் தண்ணீர் சிவக்கிறதே, அதே காரியம். வீட்டம்மா சிரித்துவிட்டார். “செவத்துக்கே ஆலாத்தி எடுத்துட்டீங்களே தம்பி.”

இந்தச் சோதனை காரம் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று எண்ணாகச் சொல்லாது. வயதான சுவரிலும் இலேசாக நிறம் மாறலாம். ஆனால் அன்று கண்ட சிவப்பு குங்குமச் சிவப்பு.

ஈரத்துக்கு, ஒன்றரை அடிச் சதுரமாகத் தெளிந்த பொலித்தீனை வெட்டி, நாலு ஓரமும் டேப்பால் இறுக்கி ஒட்டினோம். முன்னறை, படுக்கையறை, குசினி என்று மூன்று இடம், பெயின்டைச் சுரண்டிய வெறும் பூச்சின்மேல். மறுநாள் காலை பதினாறு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால், மூன்றிலும் பொலித்தீனின் உட்புறம் வியர்த்திருந்தது. துளி வெளிப்பக்கம் நின்றால் அது அறைக் காற்றின் ஈரம். உட்பக்கம் நின்றால் சுவர் விடும் ஈரம். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் சோதனை செய்வதில் பயனில்லை.

வீட்டுக்காரர் கேட்ட அடுத்த கேள்வி நியாயமானது: “பதினாறு நாள் விட்டோமே, போதாதா?” அவருக்காகக் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டேன். அரை அங்குலத்துக்குச் சற்று மேலான பூச்சில், கலக்கும்போது ஊற்றிய தண்ணீர் ஒரு சதுர மீற்றருக்கு நாலு லீற்றர் அளவில் வரும். சீமெந்து இறுகும்போது அதில் கால்வாசியைத் தன்னோடு கட்டிக்கொள்ளும். மிச்சம் மூன்று லீற்றர் காற்றில்தான் போகவேண்டும். முன்னறையின் நாலு சுவரும் 37 சதுர மீற்றர் வருகிறது. அப்படியானால் 110 லீற்றர். பத்து லீற்றர் வாளியால் பதினொரு வாளி. பூச்சு வெடிக்காமலிருக்க ஒரு வாரம் தெளித்த தண்ணீரும், ஒரு வருடம் மழையில் நனைந்த சீமெந்துக் கல்லுக்குள் இருந்ததும் இதில் சேரவில்லை.

அந்தப் பதினொரு வாளியை எடுத்துப்போகும் காற்று எப்படிப்பட்டது? 30 பாகை வெயிலில் ஒரு கன மீற்றர் காற்று நிறைய நிறைய 30 கிராம் நீராவி தாங்கும். நுவரெலியாவின் சராசரியான 16 பாகையில் அதே காற்று 14 கிராமுக்கு மேல் தாங்காது. பருவமழையில் அந்த 14இல் பெரும் பங்கு ஏற்கெனவே நிரம்பியிருக்கும். நன்றாகக் காயும் காலநிலையில் பூச்சு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் காயும் என்பது தொழிலில் சொல்லும் மோட்டாக் கணக்கு. அது கீழ்நாட்டுக்குச் சரி. பெயின்ட் டின்களில் பொதுவாகக் காணும் நாலு வாரம் என்பதையும் நம் ஆட்கள் மந்திரமாக எடுத்துக்கொள்கிறார்கள். 28 நாள் சீமெந்தின் பலத்தை அளக்க வைத்த கெடு. சுவர் உலர்ந்துவிட்டதற்கு அது அத்தாட்சி அல்ல.

எடுத்த முடிவுகள்

உரிந்த இடத்தை மட்டும் சுரண்டி ஒட்டுப் போடுவதா, முழுவதையும் எடுப்பதா என்பதுதான் முதல் வாதம். வீட்டுக்காரருக்கு ஒட்டுப் போட ஆசை. முன்னறையில் நன்றாக நின்ற இடம் என்று அவர் காட்டிய மூன்று இடத்தில், கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்தேன். இரண்டு இடத்தில் சதுரம் சதுரமாக டேப்போடு வந்துவிட்டது. அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

எனாமல் முழுவதையும், முன்னறை இமல்ஷனையும், படுக்கையறையில் பெயின்டோடு பில்லரையும் சுரண்டி எடுக்க இரண்டு பேருக்கு ஆறு நாள் பிடித்தது. பூத்திருந்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் துடைத்துத் தாளில் ஏந்தி வெளியே கொட்டினோம். கழுவக்கூடாது என்று வீட்டம்மாவிடம் பல தடவை சொல்ல வேண்டியிருந்தது. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். காயும்போது திரும்ப வரும்.

பிறகு காற்று. ஜன்னலுக்கு மேல் இருந்த காற்றுத் துவாரங்களைக் குளிருக்குப் பயந்து பத்திரிகைத் தாளால் அடைத்திருந்தார்கள். அதை எடுத்தோம். காலை பத்து மணிக்கு எல்லா ஜன்னலும் திறப்பது, பின்னேரம் மூடுபனி ஏறத் தொடங்கியதும் மூடுவது என்று ஒழுங்கு வைத்தோம். மலையில் ஜன்னலை நாள் முழுக்கத் திறந்து வைத்தால் மூன்று மணிக்குப் பிறகு வரும் பனி, காய்ந்ததை நனைத்துவிட்டுப் போகும்.

செப்டெம்பர் கடைசியில் ஒரு காலை நான் போனபோது முன்னறைக் கண்ணாடி எல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது. சுவரைச் சீக்கிரம் காயவைக்க, வீட்டுக்காரர் இரவில் அறையை மூடி இரும்புச் சட்டியில் விறகு எரித்திருக்கிறார். விறகு எரியும்போது அதிலிருந்தே நீராவி வரும். சுவருக்கு மேலும் ஈரம்தான். அது போகட்டும். அடுத்த அறையில் பேரப்பிள்ளை தூங்கியிருக்கிறது. மூடிய இடத்தில் எரியும் நெருப்பு விடும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அன்று நான் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். வயதில் மூத்தவரிடம் அப்படிப் பேசியது பிறகு மனதை உறுத்தியது. ஆனாலும் அந்தச் சட்டியைத் தோட்டத்து ஓரத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன்.

நான் செய்த பிழை

குசினியை மட்டும் காயும்வரை சும்மா விட முடியவில்லை. தினம் சமைக்கும் இடம். மணல் உதிர்ந்து பாத்திரத்தில் விழுகிறது என்று வீட்டம்மா குறைப்பட்டார். தீபாவளிக்கு முன் அதையாவது முடித்துத் தாருங்கள் என்றார்கள். ஒக்டோபர் முதல் வாரத்தில், கீழ் இரண்டடிக்கு நீர் கசியாத சீமெந்துக் கலவைப் பூச்சு ஒன்றை உள்பக்கமாக இரண்டு கை அடித்து, அதன்மேல் பெயின்ட் பூசிக் கொடுத்தேன். பொலித்தீன் உள்ளே வியர்த்தது எனக்குத் தெரியும். துண்டின் முதுகில் உப்பு ஊசி இருந்ததும் தெரியும். பூச்சின் சொந்த ஈரம்தான், அடைத்துவிட்டால் நின்றுவிடும் என்று நினைத்தேன்.

பதினேழாம் நாள் தொலைபேசி வந்தது. அடைத்த இரண்டடி கல்லாக நின்றது. அதற்கு மேலே, முன்பு ஒரு பழுதும் இல்லாத இடத்தில், மூன்றடி உயரத்தில் புதிதாகப் பொங்கியிருந்தது. உள்பக்கம் வழி அடைபட்ட தண்ணீர் மேலே ஏறி வழி தேடியிருக்கிறது. ஒன்றரை அடியில் இருந்த தொல்லையை மூன்றடிக்கு ஏற்றிக் கொடுத்ததுதான் நான் செய்த வேலை. அதற்குக் கூலியும் வாங்கியிருந்தேன். திருப்பிக் கொடுத்தேன்.

“ரெண்டாம் நாள்தான் நனையுது”

அன்று குசினியில் நின்று முழித்துக்கொண்டிருந்தபோது வீட்டம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னார்: “ஒண்ணு பாத்தீங்களா தம்பி, மழ பெய்யிற அன்னைக்கு இந்தச் செவரு சும்மாதான் இருக்கு. ரெண்டாம் நாள்தான் நனையுது. மழ வுட்டாலும் நனையுது.”

அந்த ஒரு வார்த்தையை நான் முதல் வருகையிலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். கூரை ஒழுகினால் மழையோடு சேர்ந்தே நனையும். பூச்சின் சொந்த ஈரமானால் மழையைப் பார்த்து ஏறி இறங்காது, நாளுக்கு நாள் குறையும். மழைக்கு ஒரு நாள் பிந்தி வருவது மண்ணுக்குள் நடந்து வரும் தண்ணீர்.

உறுதிப்படுத்த, ஈரம் ஏறி நிற்கும் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதச் சொன்னேன். ஒக்டோபர், நவம்பர் மலைநாட்டில் பின்னேர இடிமழைக் காலம். சோதிக்க மழைக்குப் பஞ்சமில்லை. இரண்டு வாரத்தில் சுவரில் ஒன்பது கோடுகள். பெருமழைக்கு மறுநாள் கோடு இரண்டு மூன்று அங்குலம் ஏறியது; மூன்று நாள் மழை இல்லாதபோது இறங்கியது. அதே இரண்டு வாரத்தில் முன்னறையில் பொலித்தீனை மறுபடி ஒட்டிப் பார்த்தோம். உள்ளே ஓரத்தில் மட்டும் மங்கலான பனி. அந்தச் சுவர் காய்ந்துகொண்டிருந்தது. குசினி அப்படியே. ஒரே வீட்டில் இரண்டு வேறு நோய்.

வீட்டின் பின்புறம்

டோர்ச் எடுத்துக்கொண்டு பின் இடுக்குக்குள் நுழைந்தேன். முதல் நாளே போயிருக்க வேண்டிய இடம். கட்டி முடித்தபோது மிஞ்சிய மண்ணையும் கல்லையும் பூச்சுக் கழிவையும் அங்கேதான் தள்ளியிருந்தார்கள். வீட்டின் உள் தரையை விட ஓர் அடி உயரத்துக்கு மண் சுவரோடு ஒட்டி நின்றது. அத்திவாரத்தின்மேல் தார் பூசிய ஈரத்தடுப்புப் படை போட்டிருப்பதாக மேசன் சொன்னது உண்மைதான். தோண்டிப் பார்த்தோம், இருந்தது. ஆனால் மண் அந்தப் படையைத் தாண்டி மேலே நின்றது. கீழிருந்து ஏறும் ஈரத்தை அந்தப் படை தடுக்கும். பக்கத்திலிருந்து வருவதை அது என்ன செய்யும்? மேலே பின் கூரைக்கு மழைத்தண்ணீரை ஏந்தும் பீலி இல்லை. தகரத்தில் விழும் மழை முழுவதும் நேராக அந்த மண்ணில் இறங்கியது.

நவம்பரில் செய்த வேலை இதுதான். சுவரோடு கொட்டியிருந்த மண்ணை மட்டும் வாரி எடுத்து, உள் தரை மட்டத்துக்கு அரை அடி கீழே இறங்கினோம். அந்த இடத்தில் ஓர் அடி அகலத்துக்கு கொங்கிறீட் கான் போட்டு, ஒரு பக்கம் சரிவு கொடுத்து, தண்ணீரைத் தோட்டத்து வடிகானில் சேர்த்தோம். கூரைக்குப் பீலி. மண்மேட்டின் அடியில் மண்வெட்டி படவே இல்லை. இதை அழுத்தியே எழுதுகிறேன். இடம் வேண்டும் என்று மேட்டை இன்னும் ஓர் அடி வெட்டலாம் என வேலையாள் ஒருவர் சொன்னார். நுவரெலியா மாவட்டத்தில் மண்சரிவு எச்சரிக்கை வராத பருவமழை கிடையாது. சரிவை வெட்டுவதானால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்டுச் செய்ய வேண்டும். பெயின்ட் பழுது பார்க்கப் போனவன் துணிந்து செய்யும் காரியமல்ல அது.

உள்ளே, நான் அடித்த அடைப்புப் பூச்சையும் சேர்த்து, நாலடி உயரத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்தோம். கல் தெரிய வெறும் சுவராக விட்டோம். அந்தத் தீபாவளி அப்படித்தான் போயிற்று. பலகாரம் சுட்டது முன்வாசலில், தற்காலிக அடுப்பில்.

தையில்

டிசம்பர் கடைசியில் முன்னறைப் பொலித்தீன் இரண்டு பக்கமும் வறண்டிருந்தது. மஞ்சள் பொட்டு இலேசாகச் செம்மை தட்டியதோடு நின்றது. பொங்கலுக்கு முன் அந்த ஒரு அறையை மட்டும் செய்வோம் என்று முடிவெடுத்தோம். மழமழப்பை சேண்ட் பேப்பரால் கொன்று, தூசை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, காரத்தைத் தாங்கும் வோல் பிரைமர் ஒரு கை. அதன்மேல் மினுக்கம் இல்லாத இமல்ஷன், முதல் கை தண்ணீர் கூட்டி, அடுத்த இரண்டும் டின்னில் சொன்னபடி. எனாமல் பட்டை வேண்டாம் என்றேன். பிள்ளைகள் கை வைப்பார்கள் என்று வீட்டுக்காரர் தயங்கினார். இரண்டு வருடம் கழித்துப் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டார். ஜனவரி விடியற்காலைகளில் அங்கே புல்லில் உறைபனி நிற்கும். குளிர்ந்த சுவரில் இமல்ஷன் சரியாகப் படலம் கட்டாது. அதனால் ஒன்பதரைக்கு முன்னும் இரண்டு மணிக்குப் பின்னும் யாரும் பிரஷ்ஷைத் தொடவில்லை.

படுக்கையறைகள் பெப்ரவரியில். பில்லரே வேண்டாம் என்று விட்டோம். சுவரில் கரண்டித் தடம் அங்கங்கே தெரிகிறது. யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

குசினிக்கு மார்ச்சில் மறுபடி பூசினோம்: சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு, கரண்டியால் தேய்க்காமல் மரப்பலகையால் மட்டம் பார்த்து விட்டது. சித்திரை வருடப்பிறப்புக்கு முன் அதற்குச் சுண்ணாம்பு மட்டும் அடித்தோம். சுண்ணாம்பு ஈரத்தை அடைக்காது, சுவரை மூச்சுவிட வைக்கும். புது வீட்டுக்குச் சுண்ணாம்பா, லயத்துக்குத்தான் அது என்று வீட்டுக்காரரின் முகம் வாடியது. எனக்கும் புரிந்தது. வேறு வழி தெரியவில்லை.

மாற்றிச் செய்வதென்றால்

பூச்சையும் குடிபுகுதலையும் பிரித்திருப்பேன். குறித்த நாளில் பால் காய்ச்சட்டும். சுவருக்கு அன்றைக்கு ஒரு கை சுண்ணாம்பு போதும். பெயின்டைத் தைக்குத் தள்ளலாம். பூசுவதற்கே தேதி குறிக்க முடியுமானால், மேற்கு மலையில் ஜனவரி முதல் மார்ச் வரையான வெயில் மாதங்களை எடுத்திருப்பேன். மேசனிடம், பெயின்ட் பிடிக்க வேண்டிய சுவரைக் கண்ணாடியாக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அவர் தன் வேலையின் நேர்த்தியைத்தான் காட்டினார்.

என் பக்கத்தில்: வீட்டுக்குள் நுழையும் முன் வீட்டைச் சுற்றி நடப்பேன். எந்த அறைக்கு எந்தக் காரணம் என்று தனித்தனியே எழுதாமல் சுரண்டியை எடுக்க மாட்டேன். அந்தச் சுவரோடு நாள் முழுக்க இருப்பவரிடம், எப்போது நனைகிறது என்று முதலில் கேட்பேன். அந்த வீட்டில் அவர் குசினியில்தான் நின்றார். நான் முன்னறையில் உட்கார்ந்து ஆண்களோடு பேசிக்கொண்டிருந்தேன்.

அடுத்த பருவமழை

ஜூன், ஜூலை மழைக்குள் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். முன்னறையிலும் படுக்கையறைகளிலும் ஒரு புள்ளி எழும்பவில்லை. குசினியில் கானின் மூலை திரும்பும் இடத்துக்கு நேரே, அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு சாண் அகலத்துக்கு உப்புப் பூத்திருந்தது. கானை அங்கே தேயிலைத் தூரும் சருகும் அடைத்திருந்தன. எடுத்துவிட்டேன். உப்பை வீட்டம்மா மாதம் ஒரு தடவை தேங்காய்த் தும்புப் பிரஷ்ஷால் துடைக்கிறார்.

வீட்டுக்காரர் அந்த மூலைக்கும் ஒரு கை பெயின்ட் அடித்தால் என்ன என்று இன்னும் கேட்கிறார். இன்னொரு மழை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். கடைசியாகப் போனபோது, அவரே சுவரில் ஒரு பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருந்தார். தரையிலிருந்து நாலு அங்குலம்.